நீல ரத்தத்துக்குக் குளிர்தான் காரணமா?

"ஆக்டோபஸ் ரத்தம் நீல நிறம், ஏன்னா குளிர்ந்த, ஆக்சிஜன் கம்மியான கடல்ல வாழ அதுதான் வசதி." இந்த ஒரு வரி ரொம்ப நாளா என்னைப் போட்டுக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு. யூடியூப் ஷார்ட்ஸ்ல வருது, வாட்ஸப் ஃபார்வர்டுல வருது, கடைசியா அண்ணன் மக ஒரு க்விஸ் போட்டிக்குன்னு வாங்கிட்டு வந்த பொது அறிவுப் புத்தகத்துலயும் அப்படியே இருந்துச்சு. அவ அதைச் சத்தமா வாசிச்சிட்டு ஒரு நிமிஷம் யோசிச்சா, அப்புறம் கேட்டா: "அத்தை, நம்ம கடல் சூடாத்தானே இருக்கு, அப்ப நம்ம ஊரு கணவாய்க்கு என்ன கலர் ரத்தம்?" நாங்க இருக்குறது தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவுல தண்ணி பெரும்பாலும் 28ல இருந்து 30 டிகிரி வரைக்கும் இருக்கும், சித்திரை வைகாசில அதுக்கும் மேல போயிரும். அந்தத் தண்ணிலதான் ஊசிக்கணவாயும் ஓட்டுக்கணவாயும், பேய்க்கணவாய்னு நாங்க சொல்ற ஆக்டோபஸும் நல்லாப் பெருகி வளருது, எல்லாத்துக்கும் ரத்தம் நீலம்தான். அப்ப குளிருக்காக வந்த நீலம்ங்கிறது எப்படிச் சரியா வரும்?

அதோட அந்த வரிக்குள்ளயே ஒரு சிக்கல் இருக்கு. குளிர்ந்த தண்ணில ஆக்சிஜன் கம்மியா கரையாது, அதிகமாத்தான் கரையும். 0 டிகிரில இருக்குற கடல் தண்ணி, 30 டிகிரில இருக்குற கடல் தண்ணியைவிட ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவா ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சுக்கும். ஆழத்துல சில அடுக்குகள்ல ஆக்சிஜன் குறைஞ்சு போறது உண்மைதான், ஆனா அது வேற கதை, குளிரால வர்றது இல்ல. பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒரே கேள்வில தொட்டுட்ட இடத்தை இத்தனை பேரு யோசிக்காம காப்பி பண்ணிக்கிட்டே போறாங்களேன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன்.

தேளுக்கும் அதே நீலம்தான்

முதல்ல அடிப்படையைச் சொல்லிடறேன், பலருக்குத் தெரிஞ்சதுதான். நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போறது ஹீமோகுளோபின், அதுல இரும்பு இருக்கு, அதனால சிவப்பு. கணவாய், ஆக்டோபஸ், நண்டு, இறால் இதுக்கெல்லாம் அந்த வேலையைச் செய்றது ஹீமோசயனின், அதுல இருக்குறது செம்பு. ரெண்டு செம்பு அணு சேர்ந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும், பிடிச்சதும் நீலமா மாறும், விட்டதும் நிறமே இல்லாமப் போயிரும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் சொல்றதே இல்ல. நம்ம ரத்தம் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாட்டியும் சிவப்புதான், அடர்த்திதான் மாறும். கணவாய் ரத்தம் அப்படி இல்ல, ஆக்சிஜன் தீர்ந்துட்டா வெளுத்துரும். அதனாலதான் மார்க்கெட்டுல செத்த கணவாயை அறுக்குறப்போ நம்ம கண்ணுக்கு நீலம்னு எதுவும் படுறதில்ல, மையோட கறுப்புதான் கையெல்லாம் அப்பிக்கிது.

இப்ப குளிர்க் கதைக்கு வருவோம். ஹீமோசயனின் கடல்ல மட்டும் இல்ல. தோட்டத்துல மழை பெஞ்சா ஊர்ந்து வர்ற நத்தைக்கும் அதுதான். தேளுக்கும் அதுதான். கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டுல ஒரு கல்லைப் புரட்டினா வாலைத் தூக்கிட்டு நிக்குமே, அந்தத் தேளுக்கு உடம்புக்குள்ள ஓடுறதும் செம்பு ரத்தம். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துத் தேளோட ஹீமோசயனினை விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா அக்குவேறு ஆணிவேறா ஆராஞ்சிருக்காங்க. பெரிய பெரிய சிலந்திக்கும் இதேதான். தீயாக் கொதிக்கிற மணல்ல வாழுற பிராணிக்கும் அண்டார்டிகா ஆக்டோபஸுக்கும் ஒரே வகை ரத்தம்னா, அந்த ரத்தம் குளிருக்காக வந்ததுன்னு எப்படிச் சொல்றது?

குளிர் ஹீமோசயனினுக்குச் சிநேகிதனும் இல்ல. வெப்பம் குறையக் குறைய அது ஆக்சிஜனை ரொம்ப இறுக்கிப் பிடிச்சுக்கும், திசுக்கள் கேட்டாலும் லேசுல விடாது. ஏத்திட்டுப் போன சரக்கை இறக்கவே முடியலன்னா அப்புறம் என்ன பிரயோஜனம். 2015ல வெளிவந்த ஒரு ஆய்வுல அண்டார்டிகாவுல வாழுற பரேலெடோன் சார்க்கோட்டிங்கிற ஆக்டோபஸோட ரத்தத்தை, தென்கிழக்கு ஆஸ்திரேலியா, மத்தியதரைக் கடல் பக்கம் இருக்குற ஆக்டோபஸ்களோட ரத்தத்தோட வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. அண்டார்டிகா ஆக்டோபஸ் ரத்தத்துல ஹீமோசயனின் மத்ததைவிடக் குறைஞ்சது 40 சதவீதம் அதிகம். இறக்குற இடத்துல சிரமம் இருக்குறதால ஏத்துற அளவைக் கூட்டியிருக்கு. அந்த ஹீமோசயனினும் குளிர்ல சமாளிக்கிற மாதிரி கொஞ்சம் மாறியிருக்கு. ஆக, குளிருக்குள்ள போன ஆக்டோபஸ் கையில ஏற்கனவே இருந்த நீல ரத்தத்தை வச்சுக்கிட்டு எப்படியோ சமாளிச்சிருக்கு. குளிர் போய் நீல ரத்தத்தைக் கொண்டு வரல. ஃபார்வர்டுல வர்ற கதை இதைத் தலைகீழாத் திருப்பிப் போட்டிருச்சு.

தட்டுல பாத்தது

அந்தக் கேள்விக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உயிரோட இருக்குற சேத்து நண்டு வாங்கப் போனேன். வழக்கமா வாங்குற அக்காகிட்ட, சுத்தம் பண்ண வேண்டாம்க்கா, நண்டு ரத்தம் எப்படி இருக்குன்னு பாக்கணும், கட்டிக் குடுத்தாப் போதும்னேன். அவங்க நிமிந்து பாத்துட்டு, "நண்டுக்கு ஏதும்மா ரத்தம், வெறும் தண்ணிதான்"ன்னாங்க. வீட்டுல ஐஸ் தண்ணில போட்டு அது அசைவு அடங்குன பிறகு, வெள்ளைப் பீங்கான் தட்டுல வச்சு ஒரு காலை மூட்டுல வெட்டினேன். முதல்ல வந்தது நிஜமாவே தண்ணிதான், அரிசி கழுவுன ரெண்டாம் தண்ணி நிறத்துல, லேசாக் கலங்கலா. அண்ணன் மகளுக்கு ஏமாத்தமாப் போச்சு. தட்டை ஆட்டாம ஜன்னல் வெளிச்சத்துல வச்சிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்துல ஓரத்துல, காத்து நல்லாப் படுற இடத்துல, சாம்பலும் நீலமும் கலந்த ஒரு சாயல் வந்துச்சு, பாக்கப் பாக்க அது நடுவரைக்கும் பரவுச்சு. ஸ்பூனால தொட்டா ஜெல்லி கணக்கா உறைஞ்சு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. இன்னும் விட்டு வச்சதுல அது கறுத்துப் போச்சு.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும், நண்டு ஓட்டுலயும் காலுலயும் தெரியுற நீலத்துக்கும் ரத்தத்து நீலத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஓட்டுல இருக்குறது வேற நிறமி, வேற புரோட்டீன், சூட்டுல அந்தப் புரோட்டீன் குலைஞ்சு போறதாலதான் வேக வச்ச நண்டு சிவக்குது. ரத்தத்து நீலம் செம்பு மேல ஆக்சிஜன் உக்காந்ததால வர்றது.

எனக்கு அந்தக் கறுப்புதான் மனசுல நின்னுச்சு. ஏன் கறுக்கணும்? இறால் கம்பெனில வேலை பாத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும், ஐஸ் சரியாப் போடலன்னா இறால் தலைல கறுப்புப் புள்ளி விழுந்துரும், பிளாக் ஸ்பாட்னு சொல்லி விலையைக் குறைச்சிருவாங்க. அந்தக் கறுப்பை உண்டாக்குறது பீனால் ஆக்சிடேஸ்ங்கிற ஒரு என்சைம். அதோட நடுவுலயும் ரெண்டு செம்பு அணு உக்காந்து ஒரு ஆக்சிஜனைப் பிடிக்கிது, ஹீமோசயனின்ல இருக்குற அதே அமைப்பு. கத்தரிக்காயையும் வாழைக்காயையும் நறுக்கினா உடனே கறுக்குதே, அதுக்கு நம்ம அம்மாக்கள் தண்ணில போட்டு வைப்பாங்களே, அங்க வேலை செய்ற என்சைமும் இதே குடும்பம். இன்னும் சொல்லப்போனா நம்ம தலைமுடி கறுப்பா இருக்குறதுக்குத் தேவையான மெலனினை உண்டாக்குற டைரோசினேஸும் இதே குடும்பம்தான். ரெண்டு செம்பு, ஒரு ஆக்சிஜன். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு உண்மையிலேயே புல்லரிச்சுப் போச்சு. நீல ரத்தத்துக்கும் எனக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லன்னு நினைச்சிட்டு இருந்தா, அந்தச் செம்பு ஜோடி என் முடி வேர்லயே உக்காந்து வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு.

ஆராய்ச்சியாளர்கள் சொல்றது என்னன்னா, இந்த என்சைம்கள்தான் மூத்தது. காயம் பட்டா அடைக்க, உள்ள நுழைஞ்ச கிருமியைக் கறுப்பாக்கி அமுக்க, ஓட்டை இறுக வைக்க, இப்படி வேற வேலைக்காக ஆக்சிஜனைப் பிடிச்ச புரோட்டீன்கள். அதுல ஒரு கிளை, ஆக்சிஜனைப் பிடிச்சு வேதிவினை பண்றதை விட்டுட்டு, பிடிச்சதை அப்படியே கொண்டு போய்த் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சது, அதுதான் ஹீமோசயனின். இது ஒரு தடவை இல்ல, தனித்தனியா ரெண்டு தடவை நடந்திருக்கு. நண்டு, தேள், சிலந்தி வம்சத்துல ஒரு தடவை, கணவாய், நத்தை வம்சத்துல இன்னொரு தடவை. ரெண்டையும் ஹீமோசயனின்னு ஒரே பேர்ல கூப்பிடறோம், வடிவத்துல ரெண்டும் ரொம்பவே வேற. அண்ணன் மக இதைக் கேட்டுட்டு, "அப்ப கையில இருந்ததை வச்சு ஒப்பேத்திருக்கு"ன்னா. எனக்குக் கிடைச்சதுலயே தெளிவான விளக்கம் அதுதான்.

ஒப்பேத்துனதுக்குக் குறையும் உண்டு. ஆக்டோபஸோட ஹீமோசயனின் ரொம்பப் பிரம்மாண்டமான மூலக்கூறு, எடை கிட்டத்தட்ட 35 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையை அளக்குற அலகு). நம்ம ஹீமோகுளோபின் 64,500 அளவுதான். நம்மகிட்ட அதைச் சிவப்பணுங்கிற மூட்டைக்குள்ள நெருக்கி அடைச்சு அனுப்புற ஏற்பாடு இருக்கு. கணவாய்க்கு அந்த ஏற்பாடு கிடையாது, ஹீமோசயனின் ரத்தத்துல நேரடியாக் கரைஞ்சு கிடக்கு, அதிகமாச் சேத்தா ரத்தம் பாகாத் தடிச்சுரும், இதயத்தால தள்ள முடியாது. அதனால நம்ம ரத்தம் 100 மில்லிக்கு சுமார் 20 மில்லி ஆக்சிஜன் தூக்குதுன்னா, கணவாய் ரத்தம் 5 மில்லியைத் தாண்டுறதே அபூர்வம். ஆக்டோபஸுக்கு மூணு இதயம் இருக்குன்னு ஆச்சரியமாச் சொல்றோம்ல, ரெண்டு செவுள் பக்கம் தள்ள, ஒண்ணு உடம்புக்குத் தள்ள. கம்மியாத் தூக்குற, தடிச்ச ரத்தத்தை வச்சுக்கிட்டு ஒரு வேட்டைப் பிராணியா ஓடியாடி வாழணும்னா அவ்வளவு பம்ப் வேண்டியிருக்கு.

ஒரே குடும்பம், மூணு நிறம்

நீலத்தோட நின்னிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். கடல்ல இன்னும் நிறங்கள் இருக்கு. மணல்லயும் பாறை இடுக்குலயும் புதைஞ்சு கிடக்குற சைபன்குலிட் புழுக்களுக்கு ரத்தம் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அதுல ஹீமெரித்ரின்னு ஒரு புரோட்டீன், இரும்புதான், ஆனா ஹீமோகுளோபின்ல இருக்குற ஹீம் வளையம் இல்லாம ரெண்டு இரும்பு அணு நேரா உக்காந்திருக்கும். பவளப்பாறைல விசிறி விசிறியா விரிஞ்சு நிக்குற குழாய்ப்புழுக்கள் பலதுக்குப் பச்சை ரத்தம். அந்தக் குளோரோகுருவோரின் பாக்க ஹீமோகுளோபினோட உடன்பிறப்பு கணக்கா இருக்கும், ஹீம் வளையத்தோட ஓரத்துல ஒரே ஒரு பக்கக் கிளைதான் மாறியிருக்கும், அந்தச் சின்ன மாத்தத்துக்கே நிறம் சிவப்புல இருந்து பச்சைக்குத் தாவிருது. அதுவும் நீர்த்து இருந்தாத்தான் பச்சை, அடர்த்தியா இருந்தா சிவப்பாத் தெரியும்.

ஸ்பைரார்பிஸ்னு ஒரு குட்டிக் குழாய்ப்புழு, கடல் பாசி மேல வெள்ளைச் சுருளா ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்த ஒரே பேரினத்துக்குள்ளயே ஒரு இனத்துக்குச் சிவப்பு ரத்தம், இன்னொண்ணுக்குப் பச்சை, மூணாவதுக்கு நிறமே கிடையாது. கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே மாதிரி வாழ்க்கை. போன நூற்றாண்டுல இதைப் பாத்துச் சொன்ன மன்ரோ ஃபாக்ஸ்ங்கிற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், வாழ்நாள்ல பெரும்பகுதியை இந்த மாதிரி நிறமிகளைத் துருவுறதுலயே செலவழிச்சவர். சுற்றுச்சூழல்தான் நிறத்தை முடிவு பண்ணுதுன்னு அடிச்சுச் சொல்றவங்க இந்தப் புழுவுக்குப் பதில் சொல்லட்டும்.

கணவாயோட தூரத்துச் சொந்தம்தான் சிப்பி வகைங்க. அதுல ரத்தச்சிப்பி இருக்கே, மலேசியால, சிங்கப்பூர்ல இருக்குறவங்களுக்குக் கெராங்னு சொன்னாச் சட்டுன்னு புரியும், பிளந்தா நம்ம ரத்தம் கணக்காவே சிவப்பா வடியும், ஹீமோகுளோபினேதான். ஆக்சிஜன் சரியாக் கிடைக்காத சேத்துல கிடக்குற சிப்பி அது. கடல்பீச்சிகள் பலது வனேடியம்ங்கிற உலோகத்தை ரத்த அணுக்கள்ல சேத்து வைக்குது, 1911ல ஹென்ஸெங்கிற ஜெர்மன்காரர் இத்தாலி நேப்பிள்ஸ்ல இதைக் கண்டுபிடிச்சார், சில இனங்கள்ல கடல் தண்ணில இருக்குறதைவிட ஒரு கோடி மடங்கு செறிவு. இவ்வளவு சேத்தும் அது ஆக்சிஜன் தூக்குறதே இல்ல.

லாட நண்டு பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா நீல ரத்தம்னாலே எல்லாரும் அங்கதான் போவாங்க. ஊசி மருந்துல பாக்டீரியா நச்சு இருக்கான்னு பரிசோதிக்க அதோட ரத்தம் பயன்படுறது உண்மை, ஃப்ரெடரிக் பேங்கும் ஜாக் லெவினும் 1960கள்ல வழி கண்டுபிடிச்சாங்க, 1977ல அமெரிக்காவுல அங்கீகாரம் கிடைச்சது. ஆனா அந்தப் பரிசோதனைல நீலத்துக்கு வேலையே இல்ல. நச்சைப் பாத்ததும் உறைய வைக்கிற சக்தி, ரத்தத்துல மிதக்குற நிறமில்லாத அணுக்களுக்குள்ள இருக்கு. அதைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டு நீலத் திரவத்தைக் கீழ ஊத்திருவாங்க. இப்ப அந்த அணுக்களோட வேலையைச் செயற்கையாவே செய்ய முடியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல ஜியக் லிங் டிங்கும் போ ஹோவும் 1990கள்லயே அதுக்கு வழி போட்டாங்க. அதுக்கப்புறமும் இத்தனை வருஷமா அந்தப் பிராணியைப் பிடிச்சு ரத்தம் எடுத்துக்கிட்டே இருக்கோம்ங்கிறது எனக்குப் பெரிய வருத்தம்.

ரத்தமே வெளுத்துப்போன மீன்

என் மனசை முழுசாத் திருப்பிப் போட்டது அண்டார்டிகாக் கடல் பக்கம் வாழுற ஐஸ்ஃபிஷ்ங்கிற மீன்தான். அதுவரைக்கும் எனக்குள்ளயும் ஒரு ஓரத்துல, ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னாலயும் ஏதோ ஒரு லாபம் இருந்தே ஆகணும்ங்கிற எண்ணம் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இந்த மீனைப் பத்திப் படிச்சதும் அது விட்டுப் போச்சு.

தெற்கு ஜார்ஜியாத் தீவுப் பக்கம் திமிங்கில வேட்டைக்குப் போன நார்வேக்காரங்க மத்தியில, ரத்தமே இல்லாத மீன் ஒண்ணு இருக்குன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா இருந்துச்சு. யோஹான் ரூட்ங்கிற உயிரியலாளர் காதுக்கு இது 1920களோட கடைசியிலயே வந்துச்சு, அவர் நம்பல. முதுகெலும்புள்ள பிராணிக்கு ஹீமோகுளோபின் இல்லாம எப்படி உயிர் நிக்கும்? அதே காலத்துல, 1927-28ல, டிட்லெஃப் ரஸ்டட்ங்கிற இன்னொரு நார்வேக்காரர் பூவே தீவுக்கிட்ட ஒரு வெளுத்த மீனைப் பிடிச்சு, ரத்தம் நிறமில்லாம இருக்குன்னு குறிச்சு வச்சார். கடைசில ரூட்டே அங்க போய் ரத்தத்தை எடுத்துச் சோதிச்சு 1954ல நேச்சர் இதழ்ல வெளியிட்டார். சிவப்பணுவும் இல்ல, நிறமியும் இல்ல. கடலோடிங்க சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நிஜம்.

இந்தக் குடும்பத்துல 16 இனம் இருக்கு. செவுள் கூடப் பால் வெள்ளையா இருக்கும். ரத்தம் 100 மில்லிக்கு 1 மில்லி ஆக்சிஜன்கூடத் தூக்காது, தண்ணில கரையுறது எவ்வளவோ அவ்வளவுதான், பக்கத்துல அதே கடல்ல நீந்துற சிவப்பு ரத்தச் சொந்தக்காரங்க தூக்குறதுல பத்துல ஒரு பங்கு. இங்கயும் உடனே ஒரு கதை வந்துச்சு: குளிர்ல சிவப்பணு இருந்தா ரத்தம் தடிச்சுரும், அதனால அதைத் தூக்கிப் போட்டது மீனுக்கு லாபம், அற்புதமான தகவமைப்பு. கேக்க நல்லா இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பாத்தவங்க வேற சொல்றாங்க. கம்மியாத் தூக்குற ரத்தத்தை வச்சு உடம்பை ஓட்டணும்னா, நிறைய ரத்தம் வேணும், வேகமாச் சுத்தணும். ஐஸ்ஃபிஷுக்கு அதே அளவு சிவப்பு ரத்த மீனைவிட ரெண்டுல இருந்து நாலு மடங்கு ரத்தம், இதயம் பெருசு, ரத்தக் குழாய் அகலம், இதயம் ஒரு நிமிஷத்துல தள்ளுற அளவு நாலஞ்சு மடங்கு. சும்மா இருக்குறப்பவே உடம்பு செலவழிக்கிற சக்தில ஐஞ்சுல ஒரு பங்குக்கு மேல இதயத்துக்கே போயிருதுன்னு புரூஸ் சைடெலும் கிறிஸ்டின் ஓ'பிரையனும் 2006ல எழுதினாங்க. சாதாரண மீனுக்கு இது ரொம்பக் கம்மி. ரத்தம் நீர்த்ததால மிச்சமானதைவிட, அதை ஈடுகட்டச் செலவானது எக்கச்சக்கம். அதனால இது லாபத்துக்காக நடந்தது இல்ல, ஒரு இழப்புதான்னு அவங்க பட்டவர்த்தனமாச் சொன்னாங்க.

மரபணுவைப் பாத்தா அந்த இழப்பு நேராவே தெரியுது. ஹீமோகுளோபின்ங்கிறது ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு வகைக் குளோபின் சேர்ந்தது. 16ல 15 இனங்கள்ல பீட்டா குளோபின் மரபணு முழுசா காணாமப் போயிருக்கு, ஆல்ஃபாவுல ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்கு எந்த வேலையும் இல்ல. தசைல ஆக்சிஜனைச் சேத்து வைக்கிற மயோகுளோபினையும் ஆறு இனங்கள் இதயத்துல தொலைச்சிருச்சு, அதுவும் தனித்தனித் தடவைகள்ல. இப்படி ஒண்ணை வேற எந்தக் கடல்லயாவது பிறந்த மீன் தொலைச்சிருந்தா ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காது. அண்டார்டிகாத் தண்ணி மைனஸ் 1.9 டிகிரி வரைக்கும் போகும், எப்பவும் ஆக்சிஜன் நிறைஞ்சிருக்கும், அந்தக் குளிர்ல உடம்பு கேக்குற ஆக்சிஜனும் கம்மி. அந்தத் தண்ணிதான் தாங்கிப் பிடிச்சது.

அந்தப் பெரிய இதயமும் அகலமான குழாயும் எப்படி வந்துச்சுங்கிறதுக்கு ஒரு விளக்கம் இருக்கு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தூக்குறதோட, உடம்புல உண்டாகுற நைட்ரிக் ஆக்சைடையும் அழிச்சுக்கிட்டே இருக்கும். ஹீமோகுளோபின் போனதும் அந்த வாயு அழியாமத் தங்குது. அது ரத்தக் குழாயை விரிக்கும், புதுக் குழாய் முளைக்கத் தூண்டும், இதயத் தசையைப் பெருக்கும். அதாவது எதைத் தொலைச்சுச்சோ, அதைத் தொலைச்சதே பிழைக்கிற வழியையும் திறந்து விட்டிருக்கலாம். இதைப் படிச்சிட்டு நான் ரொம்ப நேரம் வேற எந்த வேலையும் பாக்கல. குறையோட பிறந்த ஒரு உயிர், அந்தக் குறையோட பக்க விளைவையே பிடிச்சுக்கிட்டு மேல ஏறி வந்திருக்கு. அற்புதமான தகவமைப்புன்னு ஒரு வரில முடிச்சா இந்த மீன் பட்ட பாடு முழுக்க மறைஞ்சு போயிருது. அதுதான் என் ஆதங்கமே. பிள்ளைங்களுக்கு "இயற்கை எல்லாத்தையும் காரணத்தோடதான் செய்யும்"னு சொல்லிக் குடுக்கிறோம். அதைவிட, கிடைச்சதை வச்சும் தொலைச்சதை ஈடுகட்டியும் உயிர்கள் எப்படி எப்படியோ பிழைச்சு வந்திருக்குன்னு சொல்லிக் குடுத்தா அவங்க இன்னும் ஆர்வமாக் கேப்பாங்க, அண்ணன் மக கேட்டா.

2021 பிப்ரவரில ஜெர்மனியோட போலார்ஸ்டெர்ன் ஆராய்ச்சிக் கப்பல் அண்டார்டிகாவை ஒட்டின வெட்டல் கடல்ல, பனிப்பாளத்துக்குக் கீழ 400, 500 மீட்டர் ஆழத்துல கேமராவை இழுத்துட்டுப் போனப்போ, திரையில கூடு கூடா வந்துக்கிட்டே இருந்துச்சு. தரைல வட்டமாக் குழி பறிச்சு, நடுவுல முட்டை, பக்கத்துலயே காவலுக்கு ஒரு ஐஸ்ஃபிஷ். 240 சதுர கிலோமீட்டர் பரப்புல சுமார் 6 கோடிக் கூடு இருக்கும்னு கணக்கிட்டாங்க, இதுவரைக்கும் தெரிஞ்ச, மீன்கள் கூடு கட்டி முட்டையிடுற இடங்கள்ல இதுதான் பெருசு. அந்த இனத்தோட பேரு நியோபஜெடாப்ஸிஸ் அயோனா. நான் மேல 15 இனம்னு சொன்னேன்ல, மிச்சம் இருக்குற அந்த ஒண்ணு இதுதான். இதுகிட்ட மட்டும் ஆல்ஃபாவும் பீட்டாவும் ரெண்டு மரபணுவும் இன்னும் முழுசாக் கிடக்கு, ஆனா பழுதாகி வேலை செய்யாமக் கிடக்கு.

இந்த மீன்களுக்குத் தண்ணி சூடாகுறதுதான் பெரிய பயம். அதே கடல்ல வாழுற சிவப்பு ரத்த மீன்கள் தாங்குற சூட்டை ஐஸ்ஃபிஷ் தாங்கல, சோதனைகள்ல அதுதான் முதல்ல சுருண்டு விழுது. சூடு கூடக் கூடத் தண்ணில ஆக்சிஜன் குறையும், உடம்பு கேக்குறது கூடும், ரெண்டு பக்கமும் நெருக்கும். தென் அமெரிக்காவோட தெக்கு முனைப் பக்கம் ஒரே ஒரு ஐஸ்ஃபிஷ் இனம் கொஞ்சம் சூடான தண்ணிலயும் வாழுது, மத்ததுக்கு அந்த வழி திறக்குமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. வெட்டல் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிக்கணும்னு 2016ல இருந்து முன்மொழிவு இருக்கு. அண்டார்டிகாக் கடல் உயிர்களுக்கான ஆணையத்துல இருக்குற எல்லா நாடும் ஒத்துக்கிட்டாத்தான் அது நிறைவேறும், ஒரு நாடு மறுத்தாலும் அப்படியே நின்னுரும். இந்தியாவும் அதுல உறுப்பு நாடு, 2021ல இந்த முன்மொழிவுக்கு ஆதரவும் சொல்லியிருக்கு. அந்த ஆதரவு அறிக்கையோட நிக்காம ஒவ்வொரு வருஷக் கூட்டத்துலயும் நம்ம ஆளுங்க இதை அழுத்திப் பேசணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன்.